வேர் பாறையைச் சிதைப்பதற்கு என்ன சொல்?

கோவை:
அன்புள்ள குழுவினருக்கு, நிலவியல் நூல் ஒன்றில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. களம் சிலி நாட்டின் கடலோர மலைத்தொடர். வடக்கே பான் தே அசூக்கார் பாலை, தெற்கே நவுவெல்புத்தா காடு. அடியில் எங்கும் கிரானைட் இனப் பாறைதான். தாவரப் போர்வை கூடினால் அரிப்பும் பாறைச் சிதைவும் என்ன ஆகின்றன என்பதுதான் பேச்சு. 'அரிப்பு' சரி. மற்றதற்கு, அதாவது ஆங்கிலத்தில் weathering என்பதற்கு, பாடநூலில் 'வானிலைச் சிதைவு' என்று இருக்கிறது. ஆனால் இங்கே வேலை செய்வது வேரும் அல்லவா? வேர் விடும் மூச்சால் மண்ணுக்குள் கரியமில வாயு பெருகி, நீரில் கரைந்து அமிலமாகி, கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. 'தாவர வேதி வானிலைச் சிதைவு' என்று எழுதக் கை வரவில்லை.

யாழ்ப்பாணம்:
நாங்கள் படித்ததும் படிப்பிப்பதும் 'வானிலையாலழிதல்'. முன்னால் 'இரசாயன' போட்டால் முடிந்தது. பழகிய சொல்லை ஏன் கலைக்கிறீர்கள்?

மதுரை:
பழகிய சொல் தப்பான ஆளைக் குற்றவாளி ஆக்குகிறதே ஐயா! ஔவையார் நல்வழியில் சொல்லிவிட்டார்: 'நெட்டிருப்புப் பாரைக்கு நெக்குவிடாப் பாறை பசுமரத்தின் வேருக்கு நெக்கு விடும்.' இரும்புக் கடப்பாரைக்குப் பிளக்காத பாறை பசுமரத்தின் வேருக்குப் பிளந்துவிடும் என்கிறார். ஆகவே 'பாறைநெக்கு'. நெகு, நெகிழ், நெக்கு எல்லாம் ஒரே குடும்பம். ஞெகிழ் என்றும் வரும். சிலம்புக்கு ஞெகிழம் என்று பெயர். காலில் நெகிழ்ந்து கிடப்பதால் என்பது என் ஊகம்.

சென்னை:
சிலம்பு வெள்ளிக்கிழமைக்குள் தேவையா? ஔவை சொல்வது வேர் நெருக்கிப் பிளப்பதை. அது பௌதிகம், வேதியியல் இல்லை. 'சிதைவு' கதிரியக்கத்துக்குப் போய்விட்டது. 'கரைவு' என்றால் சர்க்கரை மாதிரி மிச்சமில்லாமல் போக வேண்டும். இங்கே களிமண் மிஞ்சுகிறது.

இன்னொன்று. 'தாவர' என்ற முன்னொட்டே சந்தேகம். சிலியில் தெற்கே போகப் போகப் பசுமை பல மடங்கு கூடுகிறது, ஆனால் வேதிச் சிதைவின் வேகம் அதே கணக்கில் கூடவில்லை. உதிர்ந்த இலையிலிருந்தே மரங்கள் சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதால் பாறையைக் குடைய வேண்டிய அவசியம் குறைகிறது என்பது ஒரு விளக்கம். அரிப்பும் நேர்க்கோட்டில் போவதில்லை. 1958இல் லாங்பெயின், ஷூம் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க ஆற்றுப் படுகைகளை வைத்துக் காட்டியது: ஆண்டுக்கு 300 மி.மீ. அளவில் மழை பெய்யும் இடங்களில்தான் வண்டல் அதிகம். அதற்குக் கீழே அடித்துப் போக நீர் போதாது; மேலே போனால் புல்லும் மரமும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

தூத்துக்குடி:
பாரை என்றதும் எனக்கு மீன்தான் ஞாபகம் வந்தது. மன்னிக்கவும். 'வேதிச் சிதைவு' போதும் என்பது என் வாக்கு. எந்தச் சிதைவு என்பது இடம் பார்த்தால் தெரியும்.

கோவை:
சரி. மூன்று பேர் தனிமடலிலும் அதையே சொன்னார்கள். 'வேதிச் சிதைவு' என்றே வைக்கிறேன். வேர் செய்வதை வாக்கியத்தில் விரித்து எழுதிவிடுகிறேன்.

மதுரை:
அடிக்குறிப்பில் நெக்கு உண்டா?

யாழ்ப்பாணம்:
அடிக்குறிப்பு போடுவதென்றால் வானிலையாலழிதலையும் சேருங்கள். இங்கே பிள்ளைகளுக்கு அதுதான் விளங்கும்.