ஏரி விராலா, ஆற்று விராலா: எது பண்ணைக்கு ஏற்றது?

டெல்டாக்காரன்:
வணக்கம். பண்ணைக் குட்டையில் விரால் வளர்க்கிறேன். எங்கள் பக்கத்து ஏரியில் பிடிக்கிற விரால் நல்ல பருமன், கொள்ளிடத்து விரால் நீளமாக ஒல்லியாக இருக்கிறது. அப்படியென்றால் ஏரி விராலையே தாய் மீனாக எடுக்கலாமா?

மீன்பண்ணை_மதுரை:
பருமனை வைத்து முடிவு செய்யாதீர்கள் சார். ஏரியில் தவளையும் பொடிமீனும் நிறையக் கிடைத்திருக்கும், வயதும் கூடியிருக்கலாம், அதெல்லாம் குஞ்சுக்கு இறங்காது. ஒரே சமயத்தில் பொரித்த இரண்டு வகைக் குஞ்சையும் ஒரே தண்ணீரில், ஒரே தீவனத்தில் வளர்த்தால்தான் வம்சத்தின் குணம் தெரியும். ஜிலேபிக் கெண்டையில் அப்படித்தான் செய்தார்கள். வேகமாக வளரும் ஜிலேபி வம்சத்தை உருவாக்க 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திட்டத்தில் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களையும், ஏற்கனவே பண்ணைகளில் இருந்த நான்கு வகைகளையும் 11 விதமான சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். எகிப்து மீன் முந்தியது, கானா மீன் பின்தங்கியது.

குளத்துமேடு:
ஆனால் விராலை ஒரே குட்டையில் கலந்து விட்டால் சோதனையே கெட்டுவிடும், பெரியது சின்னதைத் தின்றுவிடும், அப்புறம் வேகமாக வளர்ந்ததா, தின்று வளர்ந்ததா என்று எப்படிச் சொல்வது? ஒரே குட்டையில் வலைத்தொட்டி கட்டி, வகைக்குக் குறைந்தது மூன்று தொட்டி வைத்து, எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக விடுங்கள். எடையோடு எத்தனை பிழைத்தது, எத்தனை மிதவைத் தீவனத்துக்குப் பழகியது என்பதையும் எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால் விராலில் தீவனத்துக்குப் பழகுவதுதான் முதல் குணம், உயிர் இரையை மட்டுமே தேடுகிற மீன் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் நமக்குக் கட்டுப்படியாகாது.

டெல்டாக்காரன்:
சரி. தாய் மீன் கிடைப்பது கஷ்டம், செந்நிறமாக மேலே வந்து மொய்க்குமே, அந்தக் குஞ்சுக் கூட்டத்தை அள்ளி வந்தால் போதுமா?

மீன்பண்ணை_மதுரை:
அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு ஜோடியின் பிள்ளைகள், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அதை வளர்த்தால் அந்த ஜோடியைப் பற்றித்தான் தெரியும், ஏரியைப் பற்றித் தெரியாது. வயதும் சரியாகத் தெரியாது. தாய் மீனைத்தான் தேடுங்கள், ஒவ்வொரு நீர்நிலையிலும் வேறு வேறு இடத்தில் பல ஜோடி வேண்டும். ரோகுவில் வம்சத் தேர்வை 1992இல் புவனேஸ்வரத்தில் தொடங்கியபோது கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆற்று மீனையும் சேர்த்து, அதிலிருந்து நல்ல குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துத்தான் வேகமாக வளரும் ஜெயந்தி ரோகு வந்தது. நீங்களும் ஏரி, ஆறு இரண்டையும் வைத்திருங்கள். பிடித்து வந்ததும் தனித் தொட்டியில் விட்டுப் பாருங்கள், உடம்பில் சிவந்த புண் இருந்தால் குட்டைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.