பிள்ளைகளை இயற்கையோடு பழக்க, பெயரெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

தும்பி:
எங்கள் குடியிருப்பில் சில பெற்றோர் சேர்ந்து, வார இறுதியில் பிள்ளைகளை மரம், பறவை பார்க்கக் கூட்டிப் போகிறோம். அன்றைக்கு ஒரே உற்சாகம், மறுநாளே எல்லாம் மறந்துபோகிறது. எனக்குப் பறவைகளின் பெயர்கூட அதிகம் தெரியாது. அப்புறம் இன்னொரு ஆசையும் இருக்கிறது. இங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, வயதானவர்கள் அவரவர் வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள், இதை வைத்து அவர்களையும் வெளியே வரவைக்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மணிப்புறா:
பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லைங்க. கேட்டதும் பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளை "சரி" என்று அடுத்ததைப் பார்க்கப் போய்விடும். ஈர மண்ணில் ஒரு கால்தடம் தெரிகிறதா, எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை விரல், நகம் பதிந்திருக்கிறதா, எந்தப் பக்கம் போயிருக்கிறது? நாயின் தடத்தில் பெரும்பாலும் நகம் தெரியும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் தெரியாது. இதை நீங்கள் சொல்லாமல், இரண்டு தடங்களையும் பார்த்து அவர்களே பிடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஜான் யங் என்பவர் அமெரிக்காவில் 1983ல் தொடங்கிய, இயற்கையைக் கவனிக்கப் பழக்கும் பள்ளியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவரே சிறுவயதில் தடம் பார்ப்பதில் தேர்ந்த டாம் பிரவுன் என்பவரிடம், கேள்விமேல் கேள்வி வாங்கி வளர்ந்தவர்.

மறந்துபோவதற்குக் காரணம், வாரத்துக்கு ஒரு புது இடம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் பிடித்து, முடிந்த நாளெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா உட்காரட்டும். நாம் போனதும் பறவைகள் விலகிப் போகும், அசையாமல் இருந்தால் திரும்பி வந்து தம் வேலையைப் பார்க்கும். திடீரென்று சின்னப் பறவைகள் எல்லாம் கீழே பார்த்துக் கத்தினால் புதரில் பூனை இருக்கலாம். ஒருமுறை அந்தப் பூனையைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளையை அப்புறம் யாரும் அனுப்பிவைக்க வேண்டியதில்லை.

நீரோட்டம்:
இதனால் உடம்புக்கும் மனதுக்கும் என்ன நன்மை என்று ஆதாரம் கேட்கும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். 1984ல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். 2019ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தரவை ஆராய்ந்தபோது, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் வெளியே போவார்கள், அதனால் அதை மருந்துச் சீட்டு மாதிரி நீட்டாதீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது டெர்பி பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் ரிச்சர்ட்சன் குழு சொல்வது: எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைவிட, இருந்த நேரத்தில் எதையாவது கவனித்தோமா, ரசித்தோமா என்பதுதான் மனநலத்தோடு அதிகம் ஒட்டிவருகிறது.

வேரடி:
வயதானவர்களை நடக்கக் கூப்பிடாதீர்கள், கேட்கக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் திரும்பி வந்ததும் வட்டமாக உட்கார்ந்து, பார்த்ததைச் சொல்லட்டும். பெரியவர்கள் திருத்தக் கூடாது, "அப்புறம் அது எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை மறுநாள் அதைப் பார்க்கவே போகும். முழங்கால் வலியோடு இருக்கிறவருக்கும் இதில் வேலை இருக்கிறது, அவருக்காக ஒருவர் கதை வைத்திருக்கிறார் என்பது சின்ன விஷயமா என்ன! பூச்சிக்குப் பயப்படும் பிள்ளையைத் தொடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் இடம் பெரியவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தும்பி:
எல்லாருக்கும் நன்றி, வட்டத்தை இந்த வாரமே தொடங்குகிறோம். பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் "போர் அடிக்குது" என்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

மணிப்புறா:
ஆளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுங்கள். கேள்வி கேட்கும் வேலை இனி அவர்களுடையது. என்ன கேட்கலாம் என்று முன்கூட்டியே அவர்களோடு தனியாக ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வாருங்கள், வட்டத்தில் அவர்கள் கடைசியாகப் பேசட்டும்.