மத்தி மீன் குடல் கரைசல் வடிதாளை அடைக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மத்தி மீனுக்குள் இருக்கும் நுண்பிளாஸ்டிக் துகள்களையும் நூல்களையும் பிரித்தெடுக்க, அதன் குடலை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், எடைக்குப் பத்து மடங்கு கரைசல் ஊற்றி, 40 டிகிரியில் 48 மணி நேரம் வைக்கிறோம். சதை நன்றாகவே கரைகிறது. ஆனால் 1.2 மைக்ரான் கண்ணாடியிழை வடிதாளில் 20 மில்லி இறங்குவதற்குள் மஞ்சளாக, வழவழவென்று ஒரு படலம் அடைத்துக்கொள்கிறது. கொழுப்பு சோப்பாக மாறிய வேலைதான் இது. ஆறினால் இன்னும் இறுகுகிறது. சூட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றப் பயம், பாலியெஸ்டர் நூல்கள் சிதையும். அமிலம் விட்டால் சோப்பு மறுபடி கொழுப்பமிலமாகி மேலே மிதக்கும்.

முதலில் 20 மைக்ரான் எஃகு சல்லடை, பிறகு வெந்நீர், கடைசியில் எத்தனால் என்று கழுவியவர்கள் உண்டா? மெல்லிய நூல்கள் எவ்வளவு நழுவின? (அசிட்டோன் வேண்டாம், பாலிஸ்டைரீனே கரைந்துவிடும்.)

அடுத்தது மிதக்கவிடுதல், அதாவது அடர்த்தியான கரைசலில் பிளாஸ்டிக்கை மேலே வரவைத்துப் பிரிப்பது. செறிந்த உப்புநீரின் அடர்த்தி 1.2தான், பெட், பிவிசி போன்ற கனமான பிளாஸ்டிக்குகள் அடியில் தங்கிவிடும். ஜிங்க் குளோரைடு போட்டால், காரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் வெள்ளையாகத் திரிகிறது. எத்தனை முறை கழுவினால் அது நிற்கும்?

உலோகச் சோதனைக்கான சதையைக் குடலைத் தொடுமுன்பே தனியே எடுத்துவிடுகிறோம். ஈயத்துக்குக் கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தரநிலை) வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், அது ஈர எடைக்கு. உலர் எடைக் கணக்கு நாலைந்து மடங்கு கூடுதலாகத் தெரியும் என்பதால், உங்கள் எண்களைத் தரும்போது எந்த எடை என்று குறிப்பிடுங்கள். மீன் இல்லாத வெற்றுச் சோதனையில் வெளியிலிருந்து விழுந்து எத்தனை நீல நூல் வந்தது என்பதையும் சேர்த்து.