40-ஆவது அட்சரேகைக்காரர்களே, உங்கள் ஊரில் எப்படி?

மலையோரம் (டென்வர்):
ஃபிலடெல்ஃபியாவில் பல வருடம் இருந்துவிட்டு, வேலை மாறி டென்வருக்கு வந்தவன் நான். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு. அது 39.95 டிகிரி, இது 39.74. "அதே குளிர்தான், அதே வெயில்தான், பழைய ஜாக்கெட்டே போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்து பார்த்தால் காற்றே வேறு. ஃபிலடெல்ஃபியாவில் ஜூலை மாதம் வீட்டை விட்டு இறங்கினாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். இங்கே வியர்ப்பதே தெரியாது, உதடுதான் வெடிக்கும். அங்கே ஆண்டு மழை சுமார் 1,100 மி.மீ., இங்கே 400-ஐத் தொடுவதே அபூர்வம். கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகக் குக்கரில் கூடுதலாக விசில் விட வேண்டும். பனி கொட்டும், ஆனால் மலையிலிருந்து சினூக் என்ற வெப்பக் காற்று இறங்கினால் மறுநாளே தெரு காய்ந்துவிடும். ஃபிலடெல்ஃபியாவில் அழுக்குப் பனி வாரக்கணக்கில் ஓரமாகக் கிடந்ததைப் பார்த்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சூரியன். ஜூன் கடைசியில் அங்கேயும் எட்டரைக்கு அஸ்தமனம், இங்கேயும் எட்டரைக்கு. கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டால் அப்புறம் ஒரு வித்தியாசமும் கிடையாது. கிழக்கு நேரத்துக்கு அடிப்படையான 75-ஆவது தீர்க்கரேகை ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிப் போகிறது. மலைப்பகுதி நேரத்துக்கான 105-ஆவது ரேகை டென்வர் யூனியன் ஸ்டேஷன் வழியாகவே போகிறது. அதனால் இந்த இரண்டு ஊர்களின் கடிகாரமும் சூரியனோடு ஒத்துப்போகிறது. நடுவில் கொலம்பஸ், இண்டியானாபோலிஸ் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எப்படி?

இண்டிவாசி (இண்டியானாபோலிஸ்):
அண்ணா, எங்கள் கதை தனி. நாங்களும் 39.77 டிகிரிதான். பகல் நீளம் உங்களுக்கு எவ்வளவோ எங்களுக்கும் அவ்வளவே, ஜூனில் 15 மணி நேரம். ஆனால் அஸ்தமனம் 9.17-க்கு! ஃபிலடெல்ஃபியாவுக்கும் எங்களுக்கும் ஒரே கிழக்கு நேரம், நாங்களோ 11 டிகிரி மேற்கே இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் 44 நிமிடம் வந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு ஜன்னலில் வெயில் அடிக்கும்போது பிள்ளையைத் தூங்கு என்றால் அது நம்மை ஏற இறங்கப் பார்க்கிறது. டிசம்பரில் இதற்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும். சூரியன் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும், பள்ளிப் பேருந்துக்கு இருட்டில்தான் நிற்க வேண்டும்.

2006 வரை இண்டியானாவின் பெரும்பகுதியில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லை. அப்போது ஜூனில் எட்டேகாலுக்கு இருட்டிவிடுமாம். அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் இப்போதும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

இதில் ராகு காலக் கூத்து வேறு. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தினசரிக் காலண்டரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை புது வண்டியை எடுக்கக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பகலை எட்டாகப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு என்றால், இங்கே ஜூனில் அது இரவு 7.24-க்குத் தொடங்கி 9.17-க்கு முடிகிறது. பேனா பேப்பர் எடுத்துப் போட்டுக் காட்டினேன். "அப்படின்னா நாம இப்போ தாராளமா போலாமே" என்று அவரே முதலில் எழுந்தார். சாவி கொடுக்கும் நேரத்தைக் கடைக்காரரிடம் மாற்றச் சொல்வதற்குள் எனக்குத்தான் வாய் வலித்துவிட்டது.

மலையோரம் (டென்வர்):
அட்டகாசம். அதே கணக்கில் எங்களுக்கு 6.39 முதல் 8.31 வரை வருகிறது. எதற்கும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

டாலஸ் தோட்டம் (டாலஸ்):
நான் 40 இல்லை, 33-க்குப் பக்கம். ஆனாலும் இங்கே கொட்ட வேண்டிய ஆதங்கம் ஒன்று இருக்கிறது. என் அக்கா சான் டியேகோவில் இருக்கிறாள், 32.72 டிகிரி. நான் டாலஸ், 32.78. அவள் வீட்டுக் கறிவேப்பிலை கூரையைத் தாண்டி நிற்கிறது, தரையில் நட்டதுதான். எதிர் வீட்டுக்காரர்கள் நிழலுக்கு வளர்க்கும் மரம் என்று நினைத்திருக்கிறார்கள். நானோ தொட்டியில் வைத்துக்கொண்டு, நவம்பர் வந்தால் உள்ளே தூக்குவதும் மார்ச்சில் வெளியே வைப்பதுமாக இருக்கிறேன்.

ஒரு வருடம் நன்றாகத் தழைத்தது என்று நானும் தரையில் நட்டேன். 2021 பிப்ரவரி 16 அன்று இங்கே விமான நிலையத்தில் பதிவானது மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். கரண்டும் போய், வீட்டுக்குள்ளேயே கம்பளியோடு உட்கார்ந்திருந்தோம். செடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வேர் வரை போய்விட்டது.

காரணம் எளிது. கனடாவில் கிளம்பும் குளிர்காற்றுக்கு டெக்சாஸ் வரும் வரை குறுக்கே ஒரு மலை கிடையாது, சமவெளியில் நேராக இறங்கிவிடும். இங்கே அதற்கு ப்ளூ நார்தர் என்று பெயர். மதியம் அரைக்கைச் சட்டை, சாயந்திரம் ஸ்வெட்டர். சான் டியேகோவுக்குக் கிழக்கே மலைத்தொடர், மேற்கே பசிபிக். கடல் அந்த ஊரை அதிகம் சூடாகவும் விடாது, குளிரவும் விடாது. அதே அட்சரேகையில் அந்தப் பக்கம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் இருக்கிறது. அங்கே யாராவது தரையில் வளர்க்கிறீர்களா?

"அக்காவிடம் ஒரு கன்று வாங்கிக்கொள்" என்று யாரும் சொல்லாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால் கலிஃபோர்னியாவில் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்து செடியை வெளியே எடுத்துப்போகத் தடை இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போனால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன்.

குடாக்கரை (சான் ஃபிரான்சிஸ்கோ):
ரிச்மண்ட், வர்ஜீனியாவிலிருந்து இங்கே வந்தோம். 37.54-லிருந்து 37.77. ஜூலையில் அங்கே பகலில் 32 டிகிரியும் கூடவே புழுக்கமும். இங்கே அதே ஜூலையில் 20-ஐத் தொட்டால் பெரிது. கலிஃபோர்னியாக் கரையோரம் கடலடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது, அதன்மேல் வரும் காற்று மூடுபனியாகி ஊருக்குள் நுழைகிறது. கோடை என்று நம்பி அரை டிராயரில் வரும் சுற்றுலாக்காரர்கள் மீனவர் துறைக் கடைகளில் நடுங்கிக்கொண்டு ஸ்வெட்டர் வாங்குவதைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நிஜமான கோடை செப்டம்பரில்தான்.

பாதிவழி (மினியாபொலிஸ்):
45-ஆவது ரேகையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரிகனில் சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது (நம்ம சேலம் இல்லை). அதுவும் எங்கள் ரேகையே. ஜனவரியில் அங்கே பகல் எட்டு டிகிரி, மழை. எங்களுக்குப் பகலிலேயே மைனஸ் நாலு, இரவைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தச் சேலத்துக்கு வடக்கே ஐ-5 சாலையில் 45-ஆவது ரேகையைக் குறிக்கும் பலகை இருக்கிறது, பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் பாதி வழி என்று. பூமி முழு உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் அசல் பாதி வழி இன்னும் 16 கிலோமீட்டர் வடக்கே போகிறது. பலகையைப் பெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை.

ஐ-70 ஓட்டுநர் (கன்சாஸ் சிட்டி):
கொலம்பஸ், இண்டியானாபோலிஸ், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, டென்வர் எல்லாவற்றையும் தொடும் ஐ-70-இல் அடிக்கடி ஓட்டுகிறவன் நான். கன்சாஸ் தட்டையான ஊர் என்று எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் மேற்கே போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும். கொலராடோ எல்லையோரம் மவுண்ட் சன்ஃபிளவர் என்ற இடம் 1,231 மீட்டர் உயரம், பார்த்தால் வெறும் மேய்ச்சல் நிலம். வண்டியின் மைலேஜ் குறைவதை வைத்துத்தான் ஏற்றம் தெரியும்.

மலையோரம் அண்ணாவுக்கு ஒரு செய்தி. போல்டரில் பேஸ்லைன் ரோடு என்று ஒன்று இருக்கிறதே, அது 40-ஆவது ரேகை மேலேயே போட்டது. 1854-இல் நெப்ராஸ்கா, கன்சாஸ் என்று பிரதேசம் பிரித்தபோது இந்தக் கோடுதான் எல்லை. இன்றும் அந்த இரண்டு மாநிலங்களுக்கு நடுவே எல்லை அதுவே. 1861-இல் கொலராடோ தனியாகப் பிரியும் வரை உங்கள் பக்கமும் அப்படித்தான். கோட்டுக்குத் தெற்கே இருந்ததால் டென்வர் கன்சாஸ் கணக்கில் இருந்தது. 1858-இல் ஊரை அமைத்தவர்கள் கன்சாஸ் ஆளுநர் ஜேம்ஸ் டென்வரைக் குளிர்விக்க அவர் பெயரையே வைத்தார்கள். அவரோ அதற்குள் பதவியை விட்டுவிட்டிருந்தார்.