ஏற்காடு மலைக்கு டீசல் பிக்கப்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

நாகலூர்_மிளகு:

எல்லாருக்கும் வணக்கம். தோட்டம் ஏற்காடு மலைமேல நாகலூர் பக்கம், வீடு கீழ சேலம் அழகாபுரம். வாரத்துக்கு நாலு தடவை மலை ஏறி இறங்கணும். டபுள் கேபின் டீசல் பிக்கப் ஒண்ணு எடுக்கப் போறோம். இசுசு வி-கிராஸ் 1.9, டொயோட்டா ஹைலக்ஸ் ரெண்டும் பார்த்தாச்சு. ரெண்டுலயும் 6 கியர் மேனுவலும் இருக்கு, 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் இருக்கு. ஏத்திட்டுப் போறது உர மூட்டை, ஸ்ப்ரேயர், சாமான். இறக்கிட்டு வர்றது மிளகு, சீசன்ல காப்பி. தார் ரோட்டை விட்டு இறங்கினா தோட்டத்துக்குள்ள 2 கி.மீ. செம்மண் பாதை, நடுவுல ரெண்டு செங்குத்து ஏத்தம். நானும் அப்பாவும் ஓட்டுவோம், சில நாள் ஆக்டிங் டிரைவர் வருவார். லோடோட 20 கொண்டை ஊசி ஏற எது தாங்கும்? இறக்கத்துல ஆட்டோமேட்டிக் இன்ஜின் பிரேக் கொடுக்குமா? பத்து வருஷம் வெச்சிருந்தா எதுல செலவு கம்மி?

அஸ்தம்பட்டி_பட்டறை:

தம்பி, கியருக்கு முன்னாடி எடையைப் பாருங்க. ஒரு டிஏபி மூட்டை 50 கிலோ. பத்து மூட்டைன்னா அரை டன். டபுள் கேபின்ல அஞ்சு பேர் உட்கார்ந்துட்டா பின்னாடி ஏத்த மிச்சம் இருக்கிறது ரொம்பக் கம்மி. ஆர்சி புக்குல மொத்த எடையில இருந்து காலி எடையைக் கழிச்சா வர்றதுதான் ஆளும் லோடும் சேர்ந்த கணக்கு. தினமும் அரை டன்னுக்கு மேல ஏத்துற வேலைன்னா அது பொலேரோ பிக்கப், டாடா யோதா செய்ற வேலை. அதெல்லாம் மேனுவல்லதான் வருது, அதோட இந்தக் கேள்வியே முடிஞ்சுபோச்சு. நாலஞ்சு மூட்டைதான்னா மேல படிங்க.

ஏத்தத்துல சிக்கல் வர்ற இடம் கொண்டை ஊசியோட உள்பக்கம். நாம இடதுபக்கம் ஓட்டுறதால இடதுபக்கம் திரும்புற வளைவுல உள் ஓரத்துல மாட்டுவோம். அங்கதான் சரிவும் அதிகம், திருப்பமும் குறுகல். வேகம் 10, 12-க்கு இறங்கிடும். ரெண்டாவது கியர்ல இருந்தா இன்ஜின் 1,200 ஆர்பிஎம்முக்குக் கீழ போயிடும். 1.9 மாதிரி சின்ன இன்ஜின்ல டர்போ நல்லா ஊதறதுக்கு 1,500-க்கு மேல வேணும். அதுக்குக் கீழ இழுவை செத்துடும், வண்டி உதறும். அப்ப ஓட்டுறவர் என்ன பண்றார்? முதல் கியருக்கு இறங்கச் சோம்பல், காலைக் கிளட்ச்ல பாதி வெச்சு ஆக்சிலேட்டரை அழுத்துறார். ஆர்பிஎம் ஏறும், வண்டியும் நகரும். அந்த வித்தியாசம் முழுக்க கிளட்ச் பிளேட்ல சூடாகுது. 20 வளைவுல பத்துல இப்படிச் செஞ்சா மேல போய்ச் சேரும்போது கருகல் வாடை வரும். வாரம் நாலு தடவைன்னா வருஷத்துக்கு 200 ஏத்தம், பிளேட் எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இந்த ரெண்டு வண்டியிலயும் வர்ற ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர் வகை. சின்னக் காருல வர்ற ஏஎம்டி கிடையாது. ஏஎம்டி-ங்கிறது மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் வெச்சு மாத்துறது, அதுலயும் கிளட்ச்தான் தேயும். கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற ரெண்டு விசிறிச் சக்கரத்துக்கு நடுவுல எண்ணெய் சுத்துது. வண்டி மெதுவா நகரும்போது இன்ஜின் இழுவையை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரைக்கும் பெருக்கிக் கொடுக்கும். டர்போ ஊதாத அந்தப் பள்ளத்தை அது நிரப்பிடும், தேயறதுக்கு பிளேட் கிடையாது. ஹைலக்ஸ்ல இன்னொரு விஷயம்: அதே 2.8 இன்ஜினோட இழுவை (டார்க்) மேனுவல்ல 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்ல 500. வி-கிராஸ்ல ரெண்டுக்கும் 360 தான்.

ஆனா அந்த வழுக்கலும் சூடுதான். அந்தச் சூடு ஏடிஎஃப்-ங்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்குப் போகுது. எதிர்ல பஸ் வளைவு முழுக்க எடுத்துத் திரும்பும், நீங்க கீழ நின்னே ஆகணும். அப்ப பிரேக்கை மிதிச்சு நில்லுங்க. ஆக்சிலேட்டரை லேசா அழுத்தி வண்டியை அந்தரத்துல பிடிச்சு நிறுத்தக் கூடாது. மேனுவல்ல ஆஃப் கிளட்ச்ல நிறுத்துற அதே தப்புதான் இது. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவுல லீவரை டி-யில (டிரைவ், கியர் தானா மாறுற இடம்) விட்டா மூணும் நாலும் மாறி மாறி விழும், ஒவ்வொரு தடவையும் கன்வெர்ட்டரை வழுக்காமப் பிடிக்கிற லாக்-அப் பூட்டு விடுபட்டு எண்ணெய் சூடாகும். லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மூணுல பூட்டிடுங்க.

என் ஓட்டு, ஏத்தத்துக்கு ஆட்டோமேட்டிக்.

வாழவந்தி_இறக்கம்:

ஏத்தத்துக்குப் பட்டறை அண்ணன் சொன்னது சரி. இறக்கம்தான் உயிர் சம்பந்தப்பட்டது, அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஆளும் லோடும் சேர்த்து 2.4 டன் வண்டி சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். விடுபடும் சக்தி ஏறத்தாழ 2.6 கோடி ஜூல். 80, 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. ஒரு பங்கை டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் இரண்டு டிஸ்க்கும் பின்னால் இரண்டு டிரம்மும் எடுக்க வேண்டும்.

மேனுவலில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நேர்ப்பாதையில் மூன்று, வளைவில் இரண்டு. ஆட்டோமேட்டிக் இன்ஜின் பிரேக் கொடுக்குமா என்றால், கொடுக்கும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். டி-யில் விட்டால் காலை எடுத்ததும் மேல் கியருக்குத் தாவிவிடும், வண்டி ஓட ஆரம்பிக்கும். அடிவாரம் வரைக்கும் லீவர் மேனுவல் பக்கமே இருக்கட்டும், இரண்டிலோ மூன்றிலோ பூட்டி. ஆர்பிஎம் 2,500, 3,000 என்று கத்தினால் பயப்பட வேண்டாம், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காமன் ரெயில் இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங் ஓட டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை.

வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிரேக் போட்டு முழுசாக விடுங்கள். கால் பெடலில் ஒட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டிருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. எதுவானாலும் கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணும், விரிசல் விடும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், பனியில் பின்னால் வருகிற டூ வீலர்காரருக்கு அது தெரியாது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, 155. மலை வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும்.

ஓமலூர்_லோடு:

நான் மேனுவல் பக்கம். ஆக்டிங் டிரைவர் வருவார்னு சொன்னீங்க இல்லைங்களா, அதுதான் விஷயம். லாரி, பொலேரோ ஓட்டிப் பழகினவர் ஆட்டோமேட்டிக்ல டி-யிலயே போட்டு மலை இறக்குவார். பழக்கத்துல இடது கால் கிளட்ச்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும். அவருக்கு லீவர் வித்தையைச் சொல்லித்தராம சாவியைக் கொடுக்காதீங்க.

அடுத்தது, தோட்டத்துல பேட்டரி இறங்கிப்போச்சுன்னா மேனுவலைச் சரிவுல உருட்டி ரெண்டாவது கியர்ல எடுக்கலாம் (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூ முழிக்கிற அளவுக்காவது கரண்ட் மிச்சம் இருக்கணும்). ஆட்டோமேட்டிக்ல அது நடக்காது, ஜம்பர் கேபிள் வண்டியிலயே இருக்கணும். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. இன்ஜின் ஓடாதப்ப உள்ள எண்ணெய் பம்பும் ஓடாது, சக்கரம் சுத்தச் சுத்த கியர்பாக்ஸ் வறண்டு தேயும். ஃபிளாட் பெட்லதான் ஏத்தணும்.

நாகலூர்_மிளகு:

ரொம்ப நன்றி அண்ணா. எங்களுக்கு லோடு பெரும்பாலும் நாலு மூட்டைதான். இன்னொண்ணு கேட்டுக்கறேன். வி-கிராஸ்ல டூ வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் விலை கம்மியா வருது. செம்மண் ஏத்தத்துக்கு அது போதுமா? 4×4 எடுத்தா மலை ரோட்டுலயும் போட்டுக்கலாமா?

அஸ்தம்பட்டி_பட்டறை:

வேண்டாம் தம்பி. பிக்கப்புக்குக் காலியா இருக்கும்போது பின்னாடி எடையே இல்ல, ஓடுறதோ பின் சக்கரம் மட்டும். நனைஞ்ச செம்மண்ல ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதிச்சா ஆட்டோமேட்டிக் ஒரு கியர் கீழ தாவும், அந்த உதைப்புல பின்பக்கம் வாலாட்டும். ஏற்கெனவே டூ வீல் வெச்சிருக்கிறவங்க பின் ஆக்சிலுக்கு நேரா 100 கிலோ மணல் மூட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க, கியரை ரெண்டுல பூட்டி ஒரே சீரா ஏத்துங்க. புதுசா வாங்குறவங்க 4×4 வாங்குறதுதான் புத்தி.

4×4 இருந்தா அந்த ரெண்டு ஏத்தத்தையும் 4எல்-ல (நாலு சக்கரமும் ஓடுற லோ ரேஞ்ச்) ஏறுங்க. 4எல்-க்கு மாத்த வண்டி நின்னு, கியர் நியூட்ரல்ல இருக்கணும். லோ ரேஞ்ச் வந்துட்டா மேனுவலுக்கு ஆஃப் கிளட்ச் தேவையே இல்ல, கிளட்ச்சை முழுசா விட்டுட்டு முதல் கியர்ல தானா ஊர்ந்து ஏறும். இறங்கவும் அதே மாதிரி, பிரேக்ல காலே வேணாம். இந்த ஒரு இடத்துல மேனுவல் ஒரு படி மேல, மேனுவலோட இன்ஜின் பிடி கன்வெர்ட்டருக்கு வராது.

தார் ரோட்டுல மட்டும் 4எச் (நாலு சக்கரமும் ஓடுற ஹை ரேஞ்ச்) போடவே போடாதீங்க. இது பார்ட் டைம் 4×4. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒண்ணா பூட்டிக்கும், நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது. கொண்டை ஊசியில முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணுல டயர் வழுக்கிச் சமாளிச்சிடும். காஞ்ச தார்ல வழுக்க இடமில்லாம அந்த முறுக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட்லயும் டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி தள்ளித் தள்ளிப் போகும், 2எச்-க்கு (பின் சக்கரம் மட்டும் ஓடுறது) திரும்பாது. அப்படி மாட்டிக்கிட்டா நேரா ஒரு 5 மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விடும்.

வாழவந்தி_இறக்கம்:

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. மேனுவலில் கிளட்ச் போனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றுக்காகத் திரும்பக் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. ஃபிளைவீலில் நீலத் திட்டு இருந்தால் அது சூடு கண்டது. டூயல் மாஸ் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு) ஃபிளைவீல் என்றால் அதன் விலை கிளட்ச் செட்டையே தாண்டும், வாங்கும் முன் சர்வீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் செலவு வராது, வந்தால் மொத்தமாக வரும். அதைத் தடுப்பது ஏடிஎஃப் ஒன்றுதான். லைஃப் டைம் எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னாலும் மலையும் லோடும் கடுமையான உபயோகம். 40,000 முதல் 60,000 கி.மீ.க்குள் மாற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மீதி கன்வெர்ட்டரிலேயே நிற்கும். வடித்து ஊற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, திரும்ப ஒரு தடவை வடித்து ஊற்றினால்தான் பெரும்பகுதி புதிதாகும். அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் புத்தகத்தில் சொன்ன சூட்டில் இருக்கும்போது. புத்தகத்தில் போட்ட தர எண் தவிர வேறு எண்ணெய் ஒரு லிட்டர்கூடக் கலக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக்கைச் சரிவில் நிறுத்தும்போது நேரே பி-யில் (பார்க்) போடாதீர்கள். கால் பிரேக், பிறகு நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி உட்கார்ந்த பிறகு பி. இல்லையென்றால் 2 டன் எடையும் கியர்பாக்ஸுக்குள் விரல் அளவு இருக்கும் ஒரு இரும்புக் கொக்கியில் தொங்கும். காலையில் லீவரை எடுக்கும்போது 'டங்' என்று அடிப்பது அதுதான்.

சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் தொல்லை இரண்டுக்கும் உண்டு. மலையில் மெதுவாகவே ஓடினால் புகைக்கரி எரிய வேண்டிய சூடு வராது. வாரம் ஒரு தடவை ஓமலூர் வரை நாற்கர சாலையில் 20 நிமிஷம், ஆர்பிஎம் 2,000-க்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஆட்டோமேட்டிக் தானாக ஆறாவது கியருக்குப் போய் 1,500-ல் படுத்துக்கொள்ளும், நான்கிலோ ஐந்திலோ பூட்ட வேண்டும்.

ஓமலூர்_லோடு:

டெஸ்ட் டிரைவை ஊருக்குள்ள முடிச்சுடாதீங்க. கோரிமேடு தாண்டி மலை ரோட்டுக்கு எடுத்துட்டுப் போய், பின்னாடி 200 கிலோ போட்டு, அப்பாவையும் ஓட்டச் சொல்லி அஞ்சு வளைவாவது ஏறி இறங்குங்க. மேனுவல்ல இடதுபக்க வளைவுக்கு நடுவுல நிறுத்தி ஹேண்ட் பிரேக்ல எடுத்துப் பாருங்க, பின்னாடி வண்டி வராதபோது மட்டும். அப்பா முழங்கால் அஞ்சாவது வளைவுல என்ன சொல்லுதோ அதையும் கேட்டுக்கங்க. ஆட்டோமேட்டிக்ல இறங்கும்போது லீவரை மூணுல இருந்து ரெண்டுக்குத் தட்டினா உடனே பிடிக்குதா, யோசிச்சுப் பிடிக்குதான்னு பாருங்க.