புதுப்பிப்பு: கொடைக்கானல் மலை, மன்னவனூர் தோட்ட வீட்டு சோலாருக்கு லித்தியம் போட்டாச்சு

தோட்ட வீட்டு சோலாரில் இருக்கும் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் (லெட் ஆசிட்) பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா என்று மழைக்கு முன்னால் கேட்டிருந்தேன். போட்டாச்சு. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்.

150-லிருந்து 100-க்கு இறங்குகிறீர்களே என்று சிலர் கேட்டீர்கள். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். அதில் புழங்கியதே 75தான். இதில் 80 தாராளமாக எடுக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் ஒழிந்தது.

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரைத்தான் கவனிக்க வேண்டும். ஈக்வலைசேஷனை, அதாவது செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் ஏற்றுவதை, அறவே நிறுத்தினேன். குளிருக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டும் வசதியையும் அணைத்தேன். இரண்டும் லெட் ஆசிட்டுக்கானவை. இப்போது சார்ஜ் வோல்டேஜ் 14.2, நிறைந்தபின் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளோட் வோல்டேஜ் 13.5.

அப்புறம், உறைபனி. நம் மலைக்கு இதுதான் பெரிய விஷயம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். இழந்த கொள்ளளவு திரும்பாது. கரண்ட் எடுப்பதில் அந்த ஆபத்து இல்லை. மார்கழி, தையில் விடிந்ததும் பேனலில் வெயில் விழும், ஆனால் பேட்டரி இருந்த கொட்டகை இன்னும் விறைத்துக் கிடக்கும். அதனால் பேட்டரியை அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் மாற்றினேன். குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) எல்லா மாடலிலும் கிடையாது, கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் வோல்டேஜை வைத்துக் காட்டும் சார்ஜ் சதவீதத்தை நான் நம்புவதில்லை. லித்தியத்தில் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது. ஏறி இறங்கும் கரண்டையே அளந்து கணக்கு வைக்கும், ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று வாங்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு யாராவது பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.