ஆக்கோல் முறையில் பிரிட்ஜ் ஆடும் மென்பொருள் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நானும் என் மனைவியும் ஆக்கோல் என்ற ஏலம் கேட்கும் முறையில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள். நான்கு இனச் சீட்டுகளும் ஏறத்தாழச் சமமாக உள்ள சமச்சீரான கையில், உயர்ந்த சீட்டுகளுக்கான மதிப்பு 12 முதல் 14 புள்ளி இருந்தால் 'ஒன் நோ டிரம்ப்' (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று ஏலம் கேட்பதும், நான்கே சீட்டுகள் இருந்தாலும் ஸ்பேடையோ ஹார்ட்டையோ சொல்லித் தொடங்குவதும் எங்களுக்கு இயல்பு. பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் இணையதளத்தில் உள்ள ஜிப் (GIB) ரோபோ 'டூ ஓவர் ஒன்' என்ற வேறு ஏல முறையில் கேட்கிறது. அதில் நோ டிரம்புக்கு 15 முதல் 17 புள்ளியும், ஸ்பேட் அல்லது ஹார்ட்டில் தொடங்க ஐந்து சீட்டுகளும் வேண்டும் என்பதால், பார்ட்னராக ஆடும் ரோபோ கேட்கும் ஏலத்தை நாங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

இணைய இணைப்பின்றி விண்டோஸ் கணினியில் இயங்கக்கூடிய, ஆக்கோல் முறையைத் தேர்ந்துகொள்ள இடம் தருகிற மென்பொருள் எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருந்தால், அதன் பெயரைத் தெரிவிக்க வேண்டுகிறேன். பழைய ஆட்டங்களைச் சேமித்து வைத்திருக்கும் பிபிஎன் கோப்புகளையும் அது திறந்தால் மிக்க நன்று.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். எந்தச் சீட்டை ஆடுவது என்று முடிவெடுக்க ஜிப், மறைந்துள்ள கைகளைப் பலவிதமாகப் பகிர்ந்து, எல்லாச் சீட்டுகளும் திறந்திருப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறது. தகவல் அறிவதற்காகவே ஆடும் சீட்டுக்கு அந்தக் கணக்கில் மதிப்பில்லை. எதிரணி ஏலத்தை வென்ற ஆட்டங்களில், அதாவது தற்காப்பில், தான் போடும் சீட்டின் மூலம் பார்ட்னருக்குச் சமிக்ஞை தந்து, நம் சமிக்ஞையையும் கவனித்து ஆடும் மென்பொருளாக இருந்தால், விலை கொடுத்து வாங்கவும் ஆயத்தமாக உள்ளோம்.